எண்ணி ஏற்றும் படகுத்துறை

(அறந்தாங்கியில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுவில், கொச்சி கண்டுணர் பயணம் பற்றி நம் வட்டாரப் பிரதிநிதி பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கொச்சிக்குப் போய்விட்டு வந்த பன்னிரண்டு பேர் சார்பாக என்னைப் பேசச் சொன்னார்கள். என்னென்ன பார்த்தோம், எவ்வளவு செலவாச்சு என்ற கணக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார். நான் அதற்கு முன்னால் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷமாக இந்தக் கூட்டத்தில் நான் சொல்லாத விஷயம். கொச்சியில் அந்தப் படகுத்துறையில் நின்றபோது, இனிமேலும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

எங்கள் பஞ்சாயத்துக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முறை சுற்றுலா போனோம். எந்த ஊர், யார் படகு என்பது இப்போது வேண்டாம். பஸ்ஸில் பெரியவர்கள் முப்பத்தொரு பேர், பிள்ளைகள் பன்னிரண்டு. தண்ணீரைக் கண்டதும் பிள்ளைகள் படகுல போகணும்னு ஒரே அழுகை. படகுக்காரர் பார்த்துவிட்டு, "ரெண்டு நடையாப் போங்கம்மா, இருபது பேருக்கு மேல ஏத்த மாட்டேன்" என்றுதான் முதலில் சொன்னார். பேரம் பேசியது நான். ரெண்டு நடைக்குக் காசு கூட ஆகுமே, பஸ்காரர் வேறு நேரமாச்சு நேரமாச்சு என்கிறாரே என்று, "பிள்ளைங்க என்னய்யா கனம், மடியில வச்சுக்கிறோம், ஒரே நடையா விட்டுருங்க" என்று கெஞ்சி, அவரைச் சம்மதிக்க வைத்தது நான்தான். "ஏறுங்க, ஏறுங்க, தள்ளி உக்காருங்க" என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டதும் நான்தான். மிச்சம் பிடித்த பணம் நானூறு ரூபாய்.

பாதித் தூரம் போனதும் ஒரு பிள்ளை, அந்தா மீன் துள்ளுதுன்னு கத்தியது. எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து எட்டிப் பார்த்தோம். அவ்வளவுதான். படகு அந்தப் பக்கம் சாய்ந்து, விளிம்புக்கு மேலே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. படகுக்காரர் போட்ட சத்தத்தில் எல்லோரும் அப்படியே கீழே உட்கார்ந்தோம். முழங்கால் நனைய உட்கார்ந்தபடியே கரைக்கு வந்து சேர்ந்தோம். ஒருத்தர் உடம்பிலும் மிதவைச் சட்டை கிடையாது. நீச்சல் தெரிந்தவர்கள் எங்களில் ரெண்டே பேர். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள் என்று நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். தீர்மான நோட்டில் "சுற்றுலா இனிதே முடிந்தது" என்று எழுதியிருக்கிறது. எழுதின கை இதுதான்.

எங்களுக்கு ஆயுசு கெட்டி. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள் என்றுதான் அப்போது பேப்பரில் போட்டார்கள். நாங்கள் மீனைப் பார்த்தோம், அவர்கள் மிருகத்தைப் பார்த்தார்கள், வேற வித்தியாசம் இல்லை. 2011-இல் கிறிஸ்துமஸ் அன்று நம்ம தமிழ்நாட்டிலேயே பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7-ஆம் தேதி மலப்புரம் ஜில்லா தானூரில் 22 பேர், அதில் பதினைந்து குழந்தைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் பதினோரு பேர். அந்தத் தானூர் படகு மீன்பிடிப் படகாக இருந்ததை மாடி வைத்துச் சுற்றுலாப் படகாக மாற்றியது. இருட்டிய பிறகு, ஏற்ற வேண்டியதைவிட ரொம்ப அதிகமான ஆட்களோடு போயிருக்கிறது.

மாடி வைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குக் கொச்சியில் ஒருவர் விளக்கினார். தலையில் குடமும் இடுப்பில் குடமும் வைத்து நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக் குடம் ஆட்டம் காட்டாது. தலைக்குடம் கொஞ்சம் சாய்ந்தாலும் ஆளையே இழுக்கும். படகிலும் கனம் கீழே இருக்கிற வரைக்கும் அது சாய்ந்தாலும் தானே நிமிரும். மேலே ஏற ஏற நிமிரும் சக்தி குறையும். ஆட்கள் வேறு ஒரு பக்கமாக நகர்ந்தால் அதற்கு மேல் படகுக்காரர் கையில் ஒன்றும் இல்லை.

சரி, கொச்சிக்கு வருகிறேன். திருச்சியில் ராத்திரி எர்ணாகுளம் ரயிலில் ஏறினால் காலையில் இறங்கலாம். நாங்கள் போனது குடும்பஸ்ரீ சகோதரிகளின் வேலைகளைப் பார்ப்பதற்காக. 1998-இல் தொடங்கி இன்றைக்குக் கேரளம் முழுக்கப் பரவியிருக்கும் மகளிர் அமைப்பு அது. 2017-இல் கொச்சியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தபோதே டிக்கெட் கவுண்டர், துப்புரவு, பயணிகளுக்கு வழிகாட்டுவது என்று பல நூறு குடும்பஸ்ரீ பெண்களுக்கு வேலை கிடைத்தது. திருநங்கைகளையும் அந்த வேலையில் சேர்த்தார்கள். அதைப் பார்க்கத்தான் போனோம். போன இடத்தில், "வாட்டர் மெட்ரோவில் போகாமல் ஊருக்குத் திரும்பாதீங்க" என்று அழைத்துப் போய்விட்டார்கள்.

கொச்சி என்றால் ஒரே ஊர் இல்லை. ஏரி, காயல், நடுவில் தீவு தீவாக ஊர்கள். வைப்பின் தீவுக்காரர்களுக்கு 2004-இல் பாலம் வரும்வரை எர்ணாகுளம் வர வேண்டுமென்றால் படகுதான் கதி. பிரசவ வலி எடுத்தாலும் படகு, பரீட்சைக்குப் போனாலும் படகு. அந்த ஊரில் படகு விளையாட்டுக்கு அல்ல, நமக்கு டவுன் பஸ் மாதிரி. அதனால் விபத்தும் அவர்களுக்குப் புதிதில்லை. 2002-இல் முகம்மாவிலிருந்து குமரகம் போன படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள், அரசு வேலைக்கான பரீட்சை எழுதப் போன பிள்ளைகள் அதில் பலர். 2015-இல் கொச்சிக் கோட்டைப் பக்கத்திலேயே பயணிகள் படகில் மீன்பிடிப் படகு மோதி 11 பேர். இத்தனை பட்ட பிறகுதான் 2023 ஏப்ரலில் இந்த வாட்டர் மெட்ரோ வந்தது.

நாங்கள் ஏறியது ஹைகோர்ட் ஜெட்டி. ஜெட்டி என்றால் நம் ஊரில் கட்டை ரெண்டு அடித்து, பலகை போட்டு, அதுவும் பாசி பிடித்து வழுக்குமே, அதை நினைக்காதீர்கள். ரயில்வே ஸ்டேஷன் மாதிரி கட்டடம். உள்ளே நுழைந்தவுடன் டிக்கெட் கவுண்டர். உட்கார நாற்காலி, குடிதண்ணீர், கக்கூஸ். கக்கூஸ் சுத்தமாக இருந்தது என்பதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களில் நாலு பேர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வெளியூர் போனால் நாம் எல்லோருமே செய்கிற காரியம்தானே அது. பயணிகளுக்கென்று ஒரு நிலையம் கட்டுகிறவர்கள் பெண்களை மனதில் வைத்தார்களா இல்லையா என்பது கக்கூஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 

டிக்கெட்டைக் கதவில் காட்டினால் கதவு திறந்து ஒரு ஆளை விடும். இன்னொரு ஆளுக்கு இன்னொரு டிக்கெட். இது டிக்கெட் இல்லாமல் போகிறவரைப் பிடிக்கத்தான் என்று நான் நினைத்தேன். அதற்கு மட்டும் இல்லையாம். படகில் நூறு பேருக்குத்தான் அனுமதி. ஒவ்வொரு ஆளும் கதவைத் தாண்டும்போது எண்ணிக்கை ஏறிக்கொண்டே வருகிறது. நூறு ஆனால் கதவு நின்றுவிடும். எங்கள் கண் முன்னாலேயே ஒரு குடும்பம், கல்யாண வீட்டுக்காரர்கள் போல இருக்கிறது, பாதிப் பேர் உள்ளே பாதிப் பேர் வெளியே. "ரெண்டே பேர்தான், விட்ருங்க" என்று மலையாளத்தில் அவர்கள் கேட்டதும், அந்தப் பெண் ஊழியர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியதும் எங்களுக்கு மொழி தெரியாமலே புரிந்தது. உள்ளே போனவர்கள் வெளியே வந்து எல்லோரும் சேர்ந்து அடுத்த படகுக்கு உட்கார்ந்தார்கள். சண்டை இல்லை. கதவோடு யார் பேரம் பேச முடியும்? 

நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலைசுற்றல் என்று நினைத்துச் சோடா வாங்கி வந்தார்கள். நம் படகில் அன்றைக்கு இருபது பேருக்கு மேல் நான் ஏற்றியது எத்தனை என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று.

படகுத்துறையின் தளம் தண்ணீரில் மிதக்கிறது. வேலியேற்றத்தில் தண்ணீர் உயர்ந்தால் அதுவும் உயரும், வற்றத்தில் இறங்கினால் அதுவும் இறங்கும். அதனால் படகின் வாசலும் தளமும் எப்போதும் ஒரே மட்டம். தாவ வேண்டாம், யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். எங்களோடு வந்த மூட்டு வலிக்கார அக்கா, வீட்டுத் திண்ணையிலிருந்து முற்றத்துக்குப் போகிற மாதிரி நடந்து போனார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரை அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள். படகு பேட்டரியில் ஓடுகிறது. புகை இல்லை, டீசல் வாடை இல்லை, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் செய்தது. ஆரம்பித்தபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய், அதிகக் கட்டணம் 40 ரூபாய் என்று வைத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுக் கூடையோடு ஏறுகிறார்கள், வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளும் அதே வரிசையில் ஏறுகிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். 

எல்லாமே அங்கே சரி என்று நான் சொல்ல வரவில்லை. மொத்தம் 38 துறைகள், 78 படகுகள் என்பது திட்டம். ஒவ்வொன்றாகத்தான் திறந்து வருகிறார்கள். ஆயிரம் கோடிக்கு மேல் திட்டச் செலவு, அதில் ஜெர்மனி நாட்டு வங்கிக் கடனும் இருக்கிறது. நமக்கு யார் ஆயிரம் கோடி தரப்போகிறார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். ஆனால் நூறானதும் கதவைச் சாத்துவதற்கு ஆயிரம் கோடி வேண்டாம். ஒரு கயிறும், எண்ணத் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

கன்னியாகுமரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் போயிருப்பீர்கள். விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் ஏறும்போது ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுப்பார்கள். அதை நாம் என்ன செய்வோம்? "அழுக்கா இருக்கு", "பட்டுப்புடவை கசங்கும்", "பூ நசுங்கும்" என்று மடியில் வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு மாட்டிவிட்டுக் கயிற்றைக் கட்டாமல் விடுவோம். கட்டாத சட்டை தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று போய்விடும். சட்டை மிதக்கும், பிள்ளை மிதக்காது. பெரியவர் சட்டையைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டாலும் இதே கதைதான். தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், சட்டை காதுக்கு மேலே வந்தால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது.

கப்பல், படகு என்றால் நம்ம ஜில்லாவுக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்னால் கடல் தாண்டாத குடும்பம் எத்தனை? எங்கள் அப்பத்தா கண்டிச் சீமையில் தேயிலை பறித்தவர். 1914-இல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். போட் மெயில் என்ற பெயரே அதனால் வந்ததுதான். பணக்காரர்கள் நேராகப் போனார்கள். தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். பயணிகள் நிலையம் என்றால் அந்தக் காலத்தில் நம்ம ஜனங்களுக்கு அதுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே வருஷம் அக்டோபரில் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். எண்பதுகளில் அந்தக் கப்பலும் நின்றுபோன பிறகு, சண்டைக்குப் பயந்து படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்களில் இருக்கும் நம் சகோதரிகளைக் கேளுங்கள், கூட்டமான படகு என்றால் என்ன என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 14-இல் ஆரம்பித்து, மழைக்காலம் என்று ஒரு வாரத்திலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். நாலு மணி நேரப் பயணம். பாஸ்போர்ட் கட்டாயம். மழை, காற்று காலத்தில் நின்றுவிடும், அதனால் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022-இல் சொகுசுக் கப்பல்கூட விட்டார்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை, நம் உள்கடன் தாங்காது.

நான் பேச வேண்டியது நம் கரையைப் பற்றி. கட்டுமாவடியிலிருந்து முத்துக்குடா தாண்டும்வரை நாற்பது கிலோமீட்டர் போலக் கடற்கரை நமக்கு இருக்கிறது. முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், சுற்றுலாத் துறையும் அந்த இடத்தை எடுத்து வேலை செய்திருக்கிறது. கடலோரக் குழுக்களிலிருந்து கடன் மனுக்கள் கூட்டமைப்புக்கு வந்திருக்கின்றன. சாப்பாட்டுக்கடை, கருவாடு, நண்டு மசால், இதற்கெல்லாம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வருகிறவர்கள் பசியோடுதான் வருவார்கள். ஒரு மனு மட்டும், வீட்டில் சும்மா கிடக்கும் மீன்பிடிப் படகுக்குப் பெஞ்சு அடித்து, கூரை போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்களை ஏற்றலாம் என்று கேட்கிறது. எழுதிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், உழைப்பாளிகள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள். ஆனாலும் அந்த மனுவுக்கு நான் கை தூக்க மாட்டேன். 

காரணம் சொல்கிறேன். மீன்வளத் துறையில் மீன்பிடிக்கப் பதிந்த படகு மீன்பிடிக்கத்தான். பயணிகளை ஏற்றுவதற்குத் தனியாகப் பதிவு வேண்டும், படகு தகுதியானதா என்று அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும், ஓட்டுபவருக்குச் சான்று வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ஆறு, ஏரி, காயலுக்கு 2021-இல் புதுச் சட்டமே வந்திருக்கிறது, கடலுக்கு அதைவிடக் கண்டிப்பு. இதெல்லாம் வாங்கிக்கொண்டு வரட்டும், நானே முன்மொழிகிறேன். வாங்காமல் ஓட்டி ஒரு உயிர் போனால், அது கூட்டமைப்புப் பணத்தில் வாங்கிய பெஞ்சில் உட்கார்ந்து போன உயிர். கட்டாயம் கோபம் வரும் அவர்களுக்கு. வரட்டும். "நம்ம பிள்ளைங்க பொழப்ப நாமே கெடுக்கிறதா" என்று நேற்றே ஒரு தங்கச்சி போனில் அழுதது. நானும் அழுதேன். பதில் மாறவில்லை.

அதற்குப் பதிலாக இன்னொன்று கேட்கலாம். அந்தக் கரையில் அரசு படகு விட்டால், துறையில் டிக்கெட் கொடுப்பது, ஆளை எண்ணுவது, மிதவைச் சட்டை கட்டிவிடுவது, கக்கூஸைப் பராமரிப்பது, இந்த வேலைகளைக் குழுக்களுக்குக் கொடுங்கள் என்று கலெக்டரிடம் மனு எழுதலாம். குடும்பஸ்ரீ செய்வதை நாம் செய்ய முடியாதா? 1991–92-இல் அறிவொளி நடந்தபோது நம்ம ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விட்டதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே இந்த ஊர்க்காரர்கள். என் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கேரளத்தில் 2023-இல் ஒரு பெண் படகு ஓட்டும் ஸ்ராங்கு உரிமமே வாங்கிவிட்டார். நம் பெண்கள் எண்ணிக்கை எண்ணுவதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கடைசியாக, இந்த வருஷச் சுற்றுலா. பிச்சாவரம் என்று பெரும்பாலான குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். போவோம். ஆனால் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன், செயலாளர் வாசிப்பார். ஒரு படகுக்கு எத்தனை பேர் என்று போர்டில் போட்டிருக்கிறதோ அத்தனை பேர், கைக்குழந்தையும் ஒரு ஆள் கணக்கு. சட்டை இல்லையென்றால் படகு இல்லை, கொடுத்த காசு போனாலும் போகட்டும். இருட்டிய பிறகு ஏறுவது கிடையாது. ஒவ்வொரு படகுக்கும் எண்ணுவதற்கு ஒரு ஆள், அந்த ஆள் கடைசியில்தான் ஏற வேண்டும். கூடுதல் நடைக்கு ஆகும் செலவைக் கூட்டமைப்புப் பொது நிதியிலிருந்து எடுக்கலாம் என்று பொருளாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பழைய நோட்டில் "இனிதே முடிந்தது" என்று எழுதியதற்குக் கீழே, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அந்தப் படகில் இருந்தவர்கள் இங்கே பதினாறு பேர் இருக்கிறீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.

மணமேல்குடி பக்கமிருந்து யாரோ கையைத் தூக்குகிறீர்கள். அந்தப் படகு மனு விஷயமா? மைக்கை அங்கே கொடுங்கள். சொல்லு தாயி.